பத்தொன்பது அங்குலம்

மிசிசிப்பி ஆறு வீட்டுக்குள் வந்து பதினொரு நாள் தங்கிவிட்டுத் திரும்பிப் போன மறுவாரம், லவோன் கீஸ்லரின் வாசற்கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. பாதிக்கு மேல் சேதமான கட்டடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதில் குடியிருக்கக் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது. வேண்டுமானால் வீட்டை அப்படியே பெயர்த்து ஒன்பதடித் தூண்களின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்கு வக்கில்லாதவர்கள் அரசாங்கத்துக்கு விற்றுவிட்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டை இடித்து அந்த இடத்தில் புல் விதைத்துவிடுவார்கள்.

கையில் ப்ளீச்சிங் வாளியோடு நின்றபடி லவோன் அதை இரண்டு தரம் படித்தாள். கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: வீட்டுக்குள் நீர்மட்டம், ஐந்தடி. தகவல் தந்தவர், வீட்டுக்காரர்.

"ஐந்தடியா!" என்றாள் கதவைப் பார்த்து.

இந்த வீட்டுக்குள் வந்த தண்ணீர் பத்தொன்பது அங்குலம். அளவு விஷயத்தில் லவோனிடம் யாரும் வாலாட்ட முடியாது. இருபத்திரண்டு வருஷமாகத் தினம் காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்குப் போய், அங்கே நட்டிருக்கும் அளவுகோலில் ஆற்று மட்டத்தைப் பார்த்து வானிலை ஆபீசுக்குப் போன் செய்து சொல்கிறவள் அவள்தான். மகள் கல்யாணத்தன்றும் சொன்னாள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்துச் சொன்னாள். அவள் சொல்லும் எண்ணை நம்பித்தான் ஆற்றின் போக்கில் கீழே எழுபது மைல் தூரத்துக்கு உழவர்கள் மாட்டை ஓட்டுகிறதும் படகைக் கட்டுகிறதும்.

வீட்டின் பின்பக்கம் போனாள். ஆகஸ்ட் வெயிலில் ஆற்றுத்தெரு முழுக்கச் சேற்று நாற்றம். மேப்பிள் மரத்தடியில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அவள் புருஷன் டெல்மர் வலை பின்னிக்கொண்டிருந்தான். அறுபத்து மூன்று வயது, தடித்த கழுத்து. நாற்பது வருஷமாக ஆற்றில் வளைய வலை போட்டுக் கெளுத்தியும் கெண்டையும் பிடிக்கிறவன்.

"டெல்மர், அந்தக் கவுண்டி சர்க்கார் ஆபீஸ்காரன் உன்கிட்ட என்ன கேட்டான்?"

"எந்த ஆபீஸ்காரன்?"

"பத்து பேரா வந்தாங்க? கையில அட்டை வெச்சுக்கிட்டு வந்தானே, ஹாவ்லண்டுன்னு ஒருத்தன். நான் சர்ச்சுக்கு ப்ளீச்சிங் வாங்கப் போயிருந்தப்ப."

"ஓ, அவனா. தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டான். சொன்னேன்."

"எவ்வளவு சொன்ன?"

டெல்மர் ஒரு முடிச்சைப் பல்லால் இழுத்தான். "ஏதோ சொன்னேன். யாருக்கு ஞாபகம்?"

"அஞ்சடின்னு சொல்லியிருக்க."

"இருக்கும்."

"அஞ்சடி வந்திருந்தா என் அடுப்பு மேல உன் கெளுத்தி நீந்தியிருக்கும். வாயில என்ன வெச்சிருந்த அன்னிக்கு?"

"லவோன், நான் சொல்றதக் கேளு. ஓர்வில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு காதத் தீட்டிக்கிட்டு இருந்தான். அவன் வீட்டுக்கு மூணரைன்னு சொல்லிட்டு என்னப் பார்த்து இளிக்கிறான். நான் என்ன, ஒன்றரைன்னு சொல்லணுமா?"

"ஆமா. ஒன்றரையும் ஒரு அங்குலமும்."

டெல்மர் அடுத்த முடிச்சைத் தேடினான். அவனுக்கு எங்கே வலிக்கும் என்று லவோனுக்குத் தெரியும். அதற்காக அவள் கோபம் குறைந்துவிடவில்லை.

கெல்லர்ஸ் லேண்டிங் என்ற அந்த ஊரில் வெள்ளம் வடிந்ததும் ஆம்பிளைகளுக்கு மீசை முளைத்துவிடும். அறுபத்தைந்தாம் வருஷ வெள்ளத்தில் என் வீட்டுக்கு இவ்வளவு, அதற்கு முந்தியதில் என் அப்பா வீட்டுக்கு அவ்வளவு என்று, ஓர்வில் கிரோத்தின் பீர்க்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சாண் கூட்டிக்கொண்டே போவார்கள். அதிகத் தண்ணீர் பார்த்தவன் பெரிய மனுஷன். இந்தப் போட்டியில் டெல்மர் ஒருநாளும் ஜெயித்ததில்லை. காரணம் அவனுடைய அப்பா. அவர் பொத்தான் ஆலையில் வேலை பார்த்தவர். ஆற்றுச் சிப்பியை வட்டவட்டமாக வெட்டிப் பொத்தான் செய்த ஆலை அது. வெட்டி மிஞ்சிய ஓட்டைச் சிப்பிகளைக் குப்பையாக வெளியே கொட்டும். கிழவர் அவற்றை வண்டி வண்டியாக அள்ளி வந்து இரண்டடிக்கு மேடு போட்டு, அதன் மேல் பலகை வீட்டைக் கட்டினார். அதனால் பக்கத்து வீடுகளைவிட எப்போதும் இரண்டடி தண்ணீர் குறைவு. 'உன் வீட்டுக்கு வந்தது வெள்ளமா, விருந்தாளியா?' என்று பீர்க்கடையில் கேட்பார்கள். நாற்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன மனுஷன், அட்டையும் பேனாவுமாக ஒருவன் வந்து மரியாதையாக விசாரித்ததும் அஞ்சடி என்று போட்டுவிட்டான்.

அன்று மாலை லவோன் அந்தச் சிவப்புத் தாளைக் கிழித்தெடுத்து மீன் புகைபோடும் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் புதிதாக ஒன்று ஒட்டினார்கள். அதுவும் அடுப்புக்குப் போயிற்று. குடியிருக்கக் கூடாத வீட்டின் மாடியறையில் இருவரும் குடியிருந்தார்கள். கொல்லையில் முகாம் அடுப்பை வைத்துக் கெளுத்தித் துண்டங்களைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தாள். தொட்டுக்கொள்ளத் தங்கை வீட்டுத் தோட்டத்துத் தக்காளி. அந்தத் தங்கை மேட்டில் இருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் ஆறு ஓர் அரைஞாண் கயிறு போலத்தான் தெரியும்.

ஹாவ்லண்டுக்குப் போன் போட்டாள்.

"சார், நான் லவோன் கீஸ்லர். ஆத்து மட்டம் பார்த்துச் சொல்றவ. என் வீட்டுக்கு வந்த தண்ணி பத்தொன்பது அங்குலம்."

"உங்க வீட்டுக்காரர் அஞ்சடின்னு சொன்னாரே மேடம்."

"அவரு பிடிக்கிற மீனும் அஞ்சடிதான் சார். தட்டுல வர்றப்ப ஒரு சாண் இருக்கும்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. "சுவத்துல சேத்துக் கோடு ஏதாவது இருக்கா மேடம்? ரெண்டடிக்குக் கீழன்னு காட்டினா போதும், நானே தாளை எடுத்துடறேன்."

"கழுவிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"தண்ணி இறங்க இறங்கக் கூடவே குழாயடிச்சுக் கழுவிடணும் சார். சேறு காய்ஞ்சுதுன்னா அப்புறம் உளிதான். இந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் உங்களுக்குக் கோடு கிடைக்காது."

"போட்டோவாவது எடுத்தீங்களா?"

"வீட்டக் கழுவறதா, போட்டோ எடுக்கறதா?"

அவன் பொறுமையாக வழியைச் சொன்னான். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. அளவு சொன்ன வீட்டுக்காரர் தானே எழுந்து, முன்பு சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அதைத் தவறவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

பக்கத்து வீடு என்றால் ஓர்வில்தான். மறுபக்கத்து வீட்டார் வெள்ளத்துக்கு முன்பே விற்றுவிட்டு மேடேறிவிட்டார்கள்.

ஓர்வில் மனைவியை இழந்தவன். முன்னறையில் பீர்க்கடை, பின்னறையில் குடித்தனம். லவோன் போனபோது நாற்காலிகளை எல்லாம் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு, மின்விசிறிக்கு எதிரே சட்டையில்லாமல் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் சட்டையைத் தேடி மாட்டினான். இந்தக் கடையின் சுவரையும் அவள்தான் குழாயடித்துக் கழுவிக் கொடுத்திருந்தாள், அவனுக்கு முதுகுவலி.

"வியாழக்கிழமை எனக்குச் சாட்சி சொல்லணும் ஓர்வில். எங்க வீட்டுக்கு எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு."

"எவ்வளவு வந்துச்சு?"

"உனக்குத் தெரியாதா? பத்தொன்பது அங்குலம்."

"இன்னொரு தரம் சொல்லு. காதுல சேறு அடைச்சிருக்கு."

"பத்தொன்பது."

ஓர்வில் கல்லாமேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அஞ்சடின்னு சொன்னானே அந்த மகராசன்! நான் நிக்கிறேன், என் கண் முன்னாடி சொல்றான். சரி, அவனே எழுந்து சொல்லுவானா?"

"சொல்லணும்."

"அப்ப வர்றேன். முதல் வரிசையில உட்கார்றேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி." காப்பியை ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினான். சிரிப்பு அடங்கியதும் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "நீ பொழைச்சா நல்லதுதான். ஆனா யோசிச்சுப் பார்த்தியா? இருபத்தொரு வீட்டுல பதினேழுக்குச் சிவப்பு. மத்தவனுங்க எல்லாம் என்னத்தான் பார்த்துட்டு இருக்கானுங்க. விக்கிற தாள்ல நான் கையெழுத்துப் போட்டா அவனுங்களும் போட்டுடுவானுங்க. அத்தனையையும் இடிச்சுட்டு, உன்னோட சேர்த்து மிஞ்சுற அஞ்சு வீட்டுக்காகத் தண்ணிக் குழாய் விடுவானா? தெரு விளக்கு எரிய விடுவானா?"

"நீயும் எழுந்து பேசேன்."

"என்னத்தப் பேச? உன் புருஷன் பொய் சொன்னான், மாத்திக்கலாம். நான் நிஜத்தச் சொன்னேனே! மூணரையடி. என் வாழ்க்கையிலயே ஒரு தரம் கூட்டாம சொன்னேன் லவோன். அதுக்குக் கிடைச்சது இது." கல்லாமேடையில் கிடந்த சிவப்புத் தாளை விரலால் சுண்டினான்.

லவோனுக்கு அந்த மூன்றரை அடி நன்றாகத் தெரியும். கல்லாமேடைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் சேற்றுக்கோடு ஓடியதை அவளே பார்த்தாள். பழக்க தோஷத்தில் நாடா வைத்து அளக்கவும் செய்தாள். நாற்பத்திரண்டு அங்குலம். பிறகுதான் கழுவினாள்.

டெல்மர் மசியவில்லை. செவ்வாய்க்கிழமை வலையை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டான். ஆற்றில் இன்னும் மரமும் கூரைத் தகரமும் மிதந்து வந்துகொண்டிருந்தன. வலை போட ஏற்ற நேரமே இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து, தட்டில் வைத்ததைத் தலை நிமிராமல் தின்றான்.

"மேட்டுக்கே போயிடலாம்," என்றான். "உன் தங்கச்சி பக்கத்துலயே காலியிடம் இருக்கு. வயசாகுது. எத்தன தரம் சேறு அள்ளுறது?"

"சேறு அள்ளுறதுக்குப் பயந்தா போற? பீர்க்கடையில நாலு பேர் சிரிப்பானுங்கன்னு போற."

"சிரிக்கத்தான் செய்வானுங்க. சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்! மேட்டுக்குப் போனா யார் சிரிப்பா? பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது. புல்லு வெட்டற மெஷினத் தள்ளிக்கிட்டு அவன் பாட்டுக்குப் போவான்." லவோன் தட்டை ஓங்கி வைத்தாள். "இந்த ஊர்ல மரம் அறுக்கிற ஆலை போச்சு. நாம போகல. பொத்தான் ஆலை போச்சு, உங்கப்பா போகல. ரயில் நிக்கறது நின்னுச்சு, பள்ளிக்கூடத்தத் தூக்கி மேட்டுல வெச்சான், அப்பவும் யாரும் போகல. ஆறு எத்தன தரம் கதவத் தட்டுச்சு? அதுவே நம்மள விரட்டல. நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக நான் கிளம்பணுமா? மாட்டேன். நீ போறதுன்னா போ. நான் இந்தப் படியில உட்கார்ந்திருப்பேன், மண்ணள்ளுற இயந்திரம் வந்தா என்னையும் சேர்த்து அள்ளட்டும்."

அழுதால் அவன் சமாதானம் பண்ண வந்துவிடுவான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினாள். டெல்மர் தன் தட்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான்.

"நல்ல சட்டை ஏதாவது மிச்சமிருக்கா?" என்று கேட்டான் கடைசியில்.

"மாடியில நீலம் ஒண்ணு இருக்கு."

"தேச்சு வை."

பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான்கு பெரிய மின்விசிறிகள் சூடான காற்றையே திருப்பித் திருப்பி வீசின. ஆற்றுத்தெரு ஜனம் முழுக்க வந்திருந்தது. பலர் கையிலும் சிவப்புத் தாள், விசிறிக்கொள்ள வசதியாக. மேட்டுக்காரர்கள் சிலரும் பின்வரிசையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். சர்ச்சுப் பெண்கள் முட்டை சாண்ட்விச்சும் ஐஸ் டீயும் வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. ஓர்வில் சொன்னபடியே முதல் வரிசையில் இருந்தான், முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு.

ஹாவ்லண்ட் மேசைக்குப் பின்னால் வேர்த்து வழிந்தான். "கீஸ்லர் வீடு," என்று கூப்பிட்டான்.

டெல்மர் எழுந்தான். நீலச் சட்டைக் கழுத்து இறுக்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். பின்னால் யாரோ ஒருவன் செருமினான், யாரோ 'உஸ்' என்றார்கள்.

"நான் அஞ்சடின்னு சொன்னேன்," என்றான். "அது இல்ல."

"சரியான அளவு என்ன சார்?"

டெல்மர் தரையைப் பார்த்தான். லவோன் தன் மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய் அவனுக்குப் பதிலாகத் தானே சொல்லிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

"பத்தொன்பது அங்குலம்," என்றான் டெல்மர். பிறகு குரலை உயர்த்தி, பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி, "பத்தொன்பது அங்குலம்! எங்கப்பா சிப்பி மேடு போட்டுக் கட்டின வீடு. அறுபத்தஞ்சுல அஞ்சு அங்குலம்தான் வந்துச்சு. நான் நாலடின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். எல்லாம் பொய். சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சுக்கோ, நான் அந்த வீட்டுலதான் இருக்கப் போறேன்," என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஓர்விலைப் பார்த்தார்கள். அவன்தானே தொடங்கி வைக்க வேண்டும்! ஓர்வில் எழுந்தான்.

"நிஜம் சார். பக்கத்து வீடு நான். எத்தனையோ தரம் கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா இந்தத் தெருவுல மூளை இருந்து வீடு கட்டினவர் அவன் அப்பா ஒருத்தர்தான்."

டெல்மர் அவனை வாய்பிளந்து பார்த்தான். ஹாவ்லண்ட் எழுதினான், முத்திரை குத்தினான், பச்சைத் தாள் ஒன்றை நீட்டினான். அவ்வளவுதான். வீடு மிஞ்சிவிட்டது. லவோன் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இனி எழுந்து வெளியே போகலாம், படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம்.

ஓர்வில் உட்காரவில்லை.

"என் வீட்டுக்கும் திருத்தணும் சார்."

ஹாவ்லண்ட் தாள்களைப் புரட்டினான். "கிரோத். மூணரையடின்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"பீர்க்கடைக்காரன் வாய் சார் அது." அவன் காது சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் சுவரில் இருந்த கூடைப்பந்து வளையத்தைப் பார்த்துச் சொன்னான். "பதினெட்டு அங்குலம்."

டெல்மரைவிட ஓர் அங்குலம் குறைவு! அதைச் சொல்வதற்கு ஓர்வில் என்ன பாடுபட்டிருப்பான் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அது பச்சைப் பொய் என்பதும் தெரியும்.

"சாட்சி இருக்கா?" என்றான் ஹாவ்லண்ட்.

டெல்மர் படக்கென்று எழுந்தான். "நான் சொல்றேன்."

"நீங்க உட்காருங்க சார். உங்க அளவுகோல் எப்படின்னு எனக்குத் தெரியும்." பின்னால் சிரிப்பு வெடித்தது. "மேடம் சொல்லட்டும். வானிலை ஆபீஸ்ல உங்களப் பத்தி விசாரிச்சேன் மேடம். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்புக்கூட இல்லையாம். நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கறேன். கிரோத் வீட்டுக்குள்ள எவ்வளவு வந்துச்சு?"

லவோன் எழுந்தாள். வீடு அவள் கைப்பைக்குள் பச்சைத் தாளாக இருந்தது. நிஜத்தைச் சொன்னால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாற்பத்திரண்டு என்ற எண் நாக்கு நுனியில் நின்றது. தப்பான எண் ஒன்று இதுவரை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த பெருமை, டெல்மருக்கு இல்லாத பெருமை. ஆற்றுத்தெரு ஜனத்தைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு குடும்பம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. இருட்டில் கிடக்கும் தெருவை நினைத்தாள். கல்லாமேடை இருந்த இடத்தில் முளைக்கப்போகும் புல்லை நினைத்தாள். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓர்வில் சொன்னது தப்பு சார்," என்றாள்.

ஓர்வில் கண்ணை மூடிக்கொண்டான். டெல்மர் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

"எப்பவும் போலக் கூட்டிச் சொல்றான். பதினாறு அங்குலம். எழுதிக்கோங்க."